கொழுந்துக் கறை

போன மாதம் துணியில் உருவம் செய்யப் பழக என் வேலைக்கொட்டிலுக்கு வந்திருந்த உங்களில் ஒருத்தி, துணியைப் பழசாகக் காட்ட என்ன செய்யலாம் அக்கா, பிளேன்டீயில் ஊறவைத்தால் போதுமா என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. நம் தொழிலில் பலரும் செய்கிறதுதான். வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்தால் அரை மணி நேரத்தில் அதற்கு ஐம்பது வயது ஏறிவிடும். நானோ கையிலிருந்த ஊசியைச் சாக்கில் குத்திவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கிழவிக்குக் கிறுக்கு என்று நீங்கள் முணுமுணுத்தது என் காதில் விழாமல் இல்லை. கிறுக்குத்தான். அது எங்கே பிடித்தது என்று இப்போது சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்வேன். இத்தனை வருடத்தில் அது ஆறவில்லை, இனி ஆறப் போவதும் இல்லை.

முதலில் ஒரு சின்னக் கதை. அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், சாக்குத் துணியில் தேங்காய்த் தும்பு அடைத்து, குந்தியிருக்கும் ஒரு கிழவரைச் செய்து கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். ஆறு மாத வேலை. திறப்பு நாளன்று போய்ப் பார்த்தால் சிற்பங்கள் இருந்த மண்டபத்தில் என் கிழவரைக் காணோம். தேடித் தேடிப் பக்கத்து அறையில் கண்டுபிடித்தேன். ஒரு பிரம்புக் கூடைக்கும் லேஸ் பின்னிய மேசைவிரிப்புக்கும் நடுவில் அவரை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை. அதில் "கைப்பணி: பொம்மை" என்று எழுதியிருந்தது. பொறுப்பாக இருந்த கனவானிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, கல், மரம், வெண்கலம், இவைதான் சிற்பம், துணியென்றால் அது தையல் என்றார். நன்றாகத் தைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பாராட்டும் வைத்தார். கிழவரை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கண்டிக்கு வந்தேன். ரம்புக்கனை தாண்டும்வரை அழுதேன், அதற்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லைக் குடைகிறவன் சிற்பியாம், சாக்கைத் தைக்கிறவள் தையற்காரியாம். எந்த ஊர் நியாயம் இது? அந்தக் கோபம் சரியான கோபம், அதை நான் இன்றும் விடவில்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது. எப்படியாவது என்னை ஒருவன் சிற்பி என்று சொல்லிவிட வேண்டும் என்ற பசி. பசித்தவளுக்கு எது சோறு, எது மண் என்று தெரியாது. உங்களுக்கும் அந்தப் பசி இருப்பது எனக்குத் தெரிகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

பிறகு பத்துப் பதினைந்து வருடம் கண்டியிலேயே வேலை செய்தேன். எனக்கு இந்தத் தொழிலின் எலும்பைக் கற்றுக் கொடுத்தவர் எந்தக் கலைக்கல்லூரி ஆசிரியரும் அல்ல. பஸ் கதிரைக்கும் சோபாவுக்கும் குஷன் போடுகிற ஒரு முஸ்லிம் மனிதர். வயதில் என்னைவிட நாலு குறைவு. அவருடைய கடையில் பாதி நாள் போய் உட்கார்ந்திருப்பேன். தும்பை எப்படி அடைத்தால் தொய்யாது, கம்பியை எங்கே வளைத்தால் துணி இழுக்காது என்பதெல்லாம் அவரிடம் பார்த்துப் படித்ததுதான். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, குஷன்காரர் என்றே சொல்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு கடிதம் வந்தது. கண்டியில் ஒரு பெரிய ஹோட்டலைப் புதுப்பித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் வேண்டாம். முன்கூடத்தில் வைக்க, கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஆளுயர உருவம் ஒன்று வேண்டுமாம். கடிதத்தில் என் பெயருக்கு முன்னால் "சிற்பி" என்று தட்டச்சு செய்திருந்தது. அந்த ஒரு சொல்லை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள். குஷன்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்துவிட்டு, என்ன துணியில் செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

துணி எதுவென்று எனக்கு அப்போதே தெரியும். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாக்குத் துணி இருக்கிறதல்லவா, படங்கு என்போமே, அதில்தான் செய்ய வேண்டும். செடியின் கிளை கிழிக்காமலும் பனி நனைக்காமலும் காப்பாற்றுவது அது. ஆண்டுக்கணக்கில் கட்டினால் கொழுந்தின் பாலும் மழையும் வேர்வையும் ஊறி, கன்னங்கரேலென்று ஒரு கறை ஏறும். கடையில் வாங்கிய புதுச் சாக்கில் அந்தக் கறைக்கு எங்கே போவது? தெல்தெனியவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போய், பழைய படங்குக்குப் புதுசு மாற்றித் தருகிறேன் என்று சொன்னேன். பெண்களுக்கு ஒரே சிரிப்பு. கந்தலுக்குப் புதுசு கொடுக்கிற பைத்தியத்தைப் பார்க்க லயத்து வீடுகளின் வாசலில் கூட்டமே கூடிவிட்டது.

எனக்கு வேண்டிய படங்கு அவர்கள் யாரிடமும் இல்லை. அது ராமாயி என்ற பெண்ணின் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது இடுப்புப் பக்கம் தார் பூசியது போல் கறை. வலது பக்கம் அதில் பாதிதான். கீழ் ஓரத்தில் நீலச் சட்டைத் துணியில் ஓர் ஒட்டு. ஒரு பெண் நிற்கிற நிலை முழுவதும் அந்தத் துணியிலேயே எழுதியிருந்தது. கேட்டேன். ராமாயி, அது கொடுக்கிறதுக்கு இல்லை மிஸ் என்று கதவைச் சாத்திவிட்டார். இரண்டாம் முறை போனேன், அதே பதில். மூன்றாம் முறை போனபோது, என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான் என்று சொன்னேன். எந்தத் தோட்டம், பேர் என்ன, எந்தக் கணக்குப்பிள்ளை காலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு மிஸ் இல்லை, தங்கச்சி.

அந்தப் படங்கு அவருடைய அக்கா பூங்காவனத்துடையது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது நிழல் மரத்திலிருந்து குளவிக் கூடு கலைந்து, பூங்காவனத்தை மொய்த்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றும் முன்பு இடுப்பிலிருந்து அவிழ்த்து எடுத்தது இதைத்தான். ஆள் திரும்பி வரவில்லை. ஒரு போட்டோகூட இல்லையா என்று கேட்டேன். பிரஜாவுரிமைக் காகிதம் கிடைக்காததால் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாததால் அதற்கென்று எடுக்கிற போட்டோவும் இல்லை என்றார். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுத் தேயிலையை முப்பது வருடம் பறித்த ஒருத்தியின் முகம் எங்கேயும் பதிவாகவில்லை. அதை ராமாயி குறையாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். இதற்கு மேல் கேட்பது பாவம் என்று தோன்றியது. அவரே ஆணியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எங்க அக்கா நாலு பேரு பாக்குற எடத்துல நிக்கட்டும். ஆனா கழுவிறாதீங்க தங்கச்சி. அக்கான்னு எனக்கு இருக்கிறது இந்தக் கறைதான். கழுவுறதா இருந்தா திருப்பிக் குடுத்துருங்க."

கழுவ மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

உருவத்தை எப்படிச் செய்தேன் என்று விவரிக்கப் போவதில்லை. துணி சொன்னபடி செய்தேன், அவ்வளவுதான். கறை எங்கே கருத்திருந்ததோ அங்கே இடுப்பைச் சாய்த்தேன். இடது பக்கம் செடியில் சாய்ந்து நிற்கிற ஒரு பெண் தானாக வந்து நின்றாள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இடுப்பில் மடித்துக் கட்டுகிற படங்கை முழுசாக விரித்து, தோளிலிருந்து கீழ்வரை உருவத்தைச் சுற்றிப் போர்த்தினேன், தும்போடு சேர்த்துத் தைக்கவில்லை. முதுகுப் பக்கம் கூடைக் கயிறு கோத்து, வேண்டும்போது கழற்றி மாட்டும்படி செய்தேன். கண்டி மழைக்குத் தும்பில் பூஞ்சணம் பிடிக்கும், எடுத்துக் காய வைக்க வழி வேண்டும் என்று சொன்னவர் குஷன்காரர். நல்ல யோசனை. அது எனக்கே வினையாக முடியும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் முதல் தப்பு இங்கேதான். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கழுவக் கூடாது என்ற நிபந்தனையை நான் ஹோட்டலுக்குச் சொல்லவே இல்லை. எழுதிக் கொடுக்கவும் இல்லை. இறந்துபோன ஒருத்தியின் அழுக்குத் துணி என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். சிற்பி என்ற பட்டம் கைநழுவிவிடுமோ என்று பயந்தேன். வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

உருவத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தேன். திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, விளக்கு வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போனேன். முன்கூடத்தில் நுழைந்ததும் உருவத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கே வெளிறிப்போன ஒன்று நின்றுகொண்டிருந்தது. கிட்டப் போனேன். நீல ஒட்டு இருந்தது. கறை இல்லை. துளிகூட இல்லை. சவர்க்கார வாசனை வந்தது. முன்பக்கம் நட்ட நடுவில் அயன் பண்ணிய மடிப்பு, கத்தி மாதிரி நின்றது. துணி சுருங்கியதால் உருவம் தோள் ஒடுங்கிக் கூனிப் போயிருந்தது.

ஹோட்டலை நடத்துகிற முகாமையாளர் சிரித்துக்கொண்டே வந்தார். கொழும்பில் வளர்ந்த தமிழர். நம்மவர் என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"எப்படி மேடம்? ரெண்டு தரம் மருந்து போட்டுக் கழுவினோம். இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கு."

நான் போட்ட சத்தத்தில் அங்கே விளக்குப் பூட்டிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னை மெல்ல அலுவலகத்துக்குள் கூட்டிப்போய், கதிரை போட்டு, தேநீர் வரவழைத்தார். கதவருகே, துணி வெளுக்கிற பகுதியில் வேலை செய்யும் சிங்களப் பெண் ஒருத்தி கண் கலங்கி நின்றாள். கழுவட்டுமா என்று ஐயாவிடம் கேட்டுத்தான் கழுவினேன் என்று என்னைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மருந்து பட்டு அவள் விரல் தோல் உரிந்திருந்தது. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அழுக்குத் துணியைக் கையில் கொடுத்தால் வெளுப்பதுதானே அவள் வேலை?

முகாமையாளர் கெட்ட மனிதர் அல்ல. உண்மையாகவே எனக்கு உதவப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"உங்களுக்குக் கறைதானே மேடம் வேணும்? சாயத்துக்கு இங்க என்ன பஞ்சம்? எங்க கிச்சன்ல எவ்வளவு வேணும்னாலும் ஊத்தித் தரச் சொல்றேன்."

நம் நாட்டில் குடிக்கிற தேயிலை இறங்கிய தண்ணிக்கும் சாயம் என்றுதான் பெயர், துணிக்குப் போடுவதற்கும் சாயம் என்றுதான் பெயர். அவருக்கு இரண்டும் ஒன்று. முப்பது வருடத்து உழைப்பை ஒரு கேத்தலில் ஊற்றித் தருகிறேன் என்கிறார்! எழுந்து அவர் மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். அன்றைக்கே உருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, தெல்தெனிய பஸ்ஸில் ஏறி, ராமாயியின் காலில் விழுந்திருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? யோசித்தேன். திறப்புக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்று யோசித்தேன். பித்தளைத் தகடு சுவரில் பூட்டியாயிற்று, அதில் என் பெயரும் "சிற்பி" என்ற சொல்லும் பளபளக்கிறது என்று யோசித்தேன். நான் அழைத்திருந்த ராமாயி விழாவுக்கு வருகிறார், வெளிறிய துணியைப் பார்த்தால் நெஞ்சு உடைந்துவிடும், அவருக்காகவாவது கறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யோசித்தேன். பாருங்கள், நம் மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறது! நான் செய்யப் போகிற மோசடிக்கு, யாரை மோசம் செய்யப் போகிறேனோ அவரையே காரணமாக்கிவிட்டேன். அவசரத்தில் முடிவெடுக்கும்போது, இது அவர்கள் நன்மைக்குத்தான் என்று ஒரு குரல் உள்ளே சொன்னால், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள்.

மறுநாள் காலை குஷன்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒடுங்கிய தோளைப் பிரித்து, தும்பைக் குறைத்து, சுருங்கிய துணிக்கு ஏற்ற மாதிரி உருவத்தை நிமிர்த்திக் கொடுத்தார். சமையலறையிலிருந்து ஒரு பெரிய பானை நிறையச் சாயம் வந்தது. ஆவி பறந்தது. நான் பிரஷ்ஷையும் பஞ்சையும் எடுத்தேன். அவர் ஊசியை உறையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நான் பழச புதுசாக்கிக் குடுக்கிற ஆள் அக்கா. புதுச பழசாக்கிற வேல எனக்குத் தெரியா."

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை.

நான் சாயம் பூசினேன். உள்ளதைச் சொல்கிறேன், பழையதைவிட அழகாக வந்தது. மேலே பொன் நிறம், கீழே போகப் போகச் செம்மண் நிறம், ஓரங்களில் கருக்கல். ஓர் ஓவியம் மாதிரி இருந்தது. நாலடி தள்ளி நின்று பார்த்து, என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

திறப்பு நாள் பின்னேரம் ராமாயி வந்தார். தெல்தெனிய பஸ் பிடித்து வந்து, ஹோட்டல்வரை மேட்டில் நடந்தே ஏறியிருந்தார். கத்தரிப்பூ நிறச் சேலை, தலை நிறையப் பூ. வாசலில் இருந்த காவலாளி, வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்துச் சமையலறைப் பக்கம் அனுப்பிவிட்டான். நான் போய் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவரைக் கையைப் பிடித்து, முன் வாசல் வழியாகவே கூட்டி வந்தேன். அதற்குள் முகாமையாளர் ஒரு புதுப் பிரம்புக் கூடையும் ஒரு புதுச் சாக்கும் கொண்டு வந்துவிட்டார். இந்தச் சாக்கைச் சேலைமேல் கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, உருவத்துக்குப் பக்கத்தில் நின்றால் பத்திரிகைக்குப் படம் நன்றாக இருக்குமாம். விசேஷத்துக்குக் கட்டி வந்த சேலைமேல் படங்கு கட்டச் சொல்கிறாரே, இந்த மனிதருக்குத் தாய் தங்கை இல்லையா என்று எனக்குக் கொதித்தது. நான் வாயைத் திறக்கும் முன் ராமாயியே சொல்லிவிட்டார்.

"நான் வேலைக்கு வரலைங்க ஐயா. எங்க அக்காவப் பாக்க வந்திருக்கேன்."

நேராக உருவத்தின் முன்னால் போய் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதற்கு முகம் வைக்கவும் இல்லை. குனிந்து படங்கின் ஓரத்தைப் பிடித்து, இரண்டு விரலால் கசக்கி, மூக்கருகே கொண்டுபோனார்.

"இது யாரோடது?"

"உங்க அக்காவோடதுதான். அந்த நீல ஒட்டைப் பாருங்க." அந்த நேரத்திலும் பொய்தான் சொன்னேன்.

"ஒட்டு அக்கா போட்டதுதான். கறை அக்காவோடது இல்ல. கொழுந்துக் கறை கருப்பா இருக்கும். இது செவப்பு." உள்ளங்கையால் உருவத்தின் நெஞ்சைத் தொட்டார். "செடி இடுப்புக்குத்தான் வரும். நெஞ்சு வரைக்கும் எப்புடி கறை ஏறுச்சு? எடது பக்கம் எங்க? அக்கா எடது பக்கமாத்தான் சாஞ்சு நிப்பா." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது குடிக்கிற டீ."

நாற்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள். என் வேலையை உண்மையாகப் பார்த்த ஒரே கண் அதுதான். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவளின் இடுப்பில் அந்தக் கறை இருந்தது. அது என்ன நிறம் என்றுகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. அழகாக வந்தது என்று மகிழ்ந்து நின்றவள் நான்.

சொன்னேன். கழுவியதையும் சொன்னேன், பானையில் சாயம் வந்ததையும் பூசியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"எங்க கறைய கழுவிட்டு, குடிக்கிறவங்க கறைய பூசி வச்சிருக்கீங்க. கழுவுறதா இருந்தா திருப்பிக் குடுங்கன்னு சொன்னேன்ல மிஸ்."

தங்கச்சி போய், மிஸ் திரும்பி வந்துவிட்டது. அந்த மிஸ் என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. உருவத்தின் பின்னால் போய்க் கூடைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். முடிச்சு அவிழவில்லை. ராமாயி வந்து என் கையை விலக்கிவிட்டு அவரே அவிழ்த்தார். தினமும் கூடைக் கயிறு முடிகிற விரல்கள் அல்லவா? முகாமையாளர் ஓடி வந்து, பிரமுகர்கள் காரில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், இது ஹோட்டலின் பொருள், தொடக்கூடாது என்றார்.

"உள்ள இருக்கிற தும்பும் கம்பியும் உங்களுடையது, வச்சுக்கொள்ளுங்க. இந்தத் துணியை யாரும் உங்களுக்குத் தரவில்லை," என்றேன். அவர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி ராமாயியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவன் அம்மாவும் எங்கேயாவது ஒரு மலையில் நின்றிருக்கலாம், எனக்குத் தெரியாது. அவன் அசையவில்லை.

படங்கை மடித்து ராமாயியின் கையில் கொடுத்தேன். இருவரும் முன் வாசல் வழியாகத்தான் வெளியே வந்தோம். பின்னால் கம்பியும் தும்புமாக அந்த முண்டம் பித்தளைத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். விழாவுக்கு வந்த பிரமுகர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மிகவும் நவீனமாக இருக்கிறது என்று பாராட்டினாராம். இரண்டு வருடம் அது அப்படியே அங்கே நின்றது. வெள்ளைக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆளை உருவிவிட்டு நிற்கிற தும்புக் கட்டுக்குத்தான் இந்த ஊர் என்னைச் சிற்பி என்றது. வைத்துக்கொள்ளட்டும்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையம்வரை ராமாயி எனக்கு முன்னால் நடந்தார். தெல்தெனிய பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, வெளியே நின்ற என்னிடம், இதைக் கட்டிக்கொண்டுதான் இனி மலைக்குப் போகப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னது பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவர் பதில் சொல்லியிருக்க வேண்டிய கடமை இல்லை.

என் கொட்டிலில் கதவுக்கு நேர் எதிரே ஓர் உருவம் நிற்கிறதே, நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். விற்பனைக்கு இல்லை என்று எழுதியிருக்கிறது, கீழே ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. தூசி படிந்திருக்கிறது என்று உங்களில் ஒருவன் ஈரத் துணியோடு கிட்டப் போனபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். ஏன் அப்படிக் கத்தினேன் என்று உங்களுக்கு இனித் தெரியும்.

அந்த விழா முடிந்து இரண்டு மழைக்காலம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயி என் கொட்டிலுக்கு வந்தார். தெல்தெனியவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து என் கொட்டில் இருக்கிற கலகெதரவுக்கு இன்னொரு பஸ். நான் கொடுத்த தேநீரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து படங்கை எடுத்து மேசையில் விரித்தார். என் பிரஷ் பூசிய சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. கொழுந்துக் கறை ஏறி, கருத்து, விறைத்துக் கிடந்தது. நீல ஒட்டுக்குப் பக்கத்தில் இப்போது பச்சையில் ஒன்று. நான் இடது பக்கத்தைத் தேடினேன். அங்கே அவ்வளவு கறை இல்லை. வலது பக்கம்தான் தார் மாதிரி இருந்தது.

நான் தேடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வலது பக்கம் சாயுறவ. அக்காவோட கறை போனது போனதுதான், அது இனி வராது. இது என்னோடது." படங்கை என் பக்கம் தள்ளினார். "என்னையச் செய்ங்க. கழுவிறாதீங்க மிஸ்."